குதிரையின் மூட்டுக்குள் ஒரு விளக்கு

1975ஆம் ஆண்டு யூலை மாதம் 6ஆந் திகதி, நியூயோர்க் நகரையடுத்த பெல்மொண்ட் பந்தயத் திடலிலே, இரண்டே குதிரைகள் ஓடிய பந்தயமொன்று நடைபெற்றது. ஒன்று, அவ்வாண்டின் கென்ரக்கி டேர்பிப் பந்தயத்தில் வென்ற ஆண் குதிரை. மற்றையது ரஃபியன் என்னும் பெயருடைய மூன்று வயதுப் பெட்டைக் குதிரை. அதுவரை ஓடிய பத்துப் பந்தயங்களிலும் அது தோல்வி கண்டதில்லை. இலட்சக்கணக்கான மக்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டும் தோளொடு தோள் உரச ஓடின. பந்தயத்தின் பாதித்தூரந்தானும் கடப்பதற்கு முன், ரஃபியனின் வலது முன்காலிலிருந்து பலகை முறிவது போன்றதோர் ஓசை எழுந்தது. குளம்புக்கு மேலேயுள்ள மூட்டின் பின்புறத்துச் சிற்றென்புகள் நொறுங்கிவிட்டன. சவாரி செய்தவர் கடிவாளத்தை இழுத்தும் அது உடனே நிற்கவில்லை. முறிந்த காலையும் ஊன்றிச் சிறிது தூரம் ஓடியது.

அன்றிரவே சத்திரசிகிச்சை நடைபெற்றது. வைத்தியர்கள் தம் பணியைச் செய்து முடித்தனர். ஆனால், மயக்கம் தெளியத் தொடங்கியபோது, அக்குதிரை இன்னும் பந்தயத் திடலில் ஓடுவதாகவே எண்ணியது போலும், படுத்தபடியே நான்கு கால்களையும் வீசி உதைத்தது. கட்டுகள் சிதறின. சீர்செய்யப்பட்ட கால் மீண்டும் சிதைந்தது. மறுநாள் விடியுமுன் அதனைக் கருணைக் கொலை செய்வதன்றி வேறு வழி இருக்கவில்லை.

மனிதனின் கால் முறிந்தால் அவனைக் கட்டிலிற் கிடத்தி, "அசையாதே" என்று சொல்லலாம். குதிரையிடம் அதனைச் சொல்ல இயலாது. ஏறத்தாழ ஐந்நூறு கிலோ நிறையுடைய அவ்விலங்கு நின்றே வாழ்வது; அஞ்சினால் ஓடுவது. ஒரு காலை ஊன்ற முடியாவிடின் மற்றைய காலில் முழுப் பாரமும் விழும். அந்த நல்ல காலின் குளம்பும் நாளடைவில் நோயுற்றுக் கழன்றுவிடும். 2006ஆம் ஆண்டிலே கால் முறிந்த பார்பரோ என்னும் புகழ்பெற்ற குதிரை எட்டு மாதம் சிகிச்சை பெற்றது. முறிந்த கால் ஓரளவு பொருந்திய பின்னரும், 2007ஆம் ஆண்டு சனவரியில் அது மாண்டதற்குக் காரணம் இக்குளம்பு நோயே.

இவை பத்திரிகையில் வருகின்ற மரணங்கள். பத்திரிகையில் வராதவை மிகப் பல. ஒருநாட் காலை பயிற்சி முடிந்து திரும்பும் குதிரை சற்றே நொண்டுகிறது, முழங்கால் சற்றே வீங்கியிருக்கிறது, ஒரு வாரம் ஓய்வு கொடுத்தபின் மீண்டும் ஓடுகிறது, மீண்டும் நொண்டுகிறது. இவ்வாறே சில மாதங்கள் கழிந்தபின் அது விற்கப்படுகிறது, அல்லது கொல்லப்படுகிறது. பந்தயக் குதிரைகளின் வாழ்வை இடையில் முடிக்கும் நோய்களிலே மூட்டு நோயே முன்வரிசையில் நிற்பது. அந்நோயை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட மிருக வைத்திய நிபுணர் வெயின் மக்கில்ரெய்த் என்பவர். அவருடைய தொழில் வாழ்வைப் பற்றிக் கூறுமுன், அவர் கண்ணும் கருத்துமாய் நோக்கிய அந்த மூட்டினைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

குதிரையின் முன்காலில் "முழங்கால்" என்று குதிரைக்காரர் குறிப்பிடுவது, உண்மையில் முழங்காலன்று. அது நமது மணிக்கட்டுக்கு ஒப்பானது. அதற்குக் கீழே நீண்டு செல்வது நமது உள்ளங்கையின் நடு என்பு. குளம்போ நடுவிரலின் நகம். ஆகவே குதிரையானது நான்கு கால்களிலும் நடுவிரல் நுனிகளை மட்டுமே நிலத்தில் ஊன்றி ஓடுகின்ற பிராணி. நமது முழங்காலுக்கு ஒப்பான மூட்டு அதன் பின்காலில், வயிற்றையொட்டி மேலே மறைந்திருக்கிறது. முன்காலின் அந்த மணிக்கட்டிலே சிற்றென்புகள் இரு வரிசையாக, செங்கல் அடுக்கியது போல அமைந்துள்ளன. பாய்ச்சலின் ஒரு கணத்தில், உடல் நிறையின் இரு மடங்குக்கும் மேற்பட்ட விசை ஒரே முன்காலின்மீது வந்து விழுகிறது. களைத்த கால் பின்புறமாகச் சற்று மிகையாக வளையும்போது, அடுக்கின் முன் விளிம்புகள் ஒன்றையொன்று நசுக்குகின்றன. அங்கே ஒரு சிறு சில்லு உடைகிறது. நெல்மணி அளவினதாக இருக்கலாம். புளியங்கொட்டை அளவினதாகவும் இருக்கலாம்.

அந்தச் சில்லு மூட்டுக்குள் கிடந்து உறுத்துகிறது. என்பின் முனைகளை மூடியிருப்பது கசியிழையம். அதனைக் குருத்தென்பு என்றுஞ் சொல்வர். கண்ணாடி போன்ற வழவழப்புடைய அதனுள் குருதிக் குழாய் இல்லை; நரம்பும் இல்லை. நரம்பில்லாமையால் அது தேயத் தொடங்கும்போது நோவு தெரிவதில்லை. குருதி இல்லாமையால் தேய்ந்தது மீண்டும் முன்போல் வளர்வதில்லை. மூட்டு நோயின் கொடுமை முழுவதும் இவ்விரு குறைகளிலும் அடங்கியிருக்கிறது எனலாம்.

முற்காலத்தோர் இதனை அறிந்திலர். நொண்டும் குதிரையின் மூட்டின்மீது பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடு கோடாகச் சுடுவது ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக நிலவிய வழக்கம். தோல் கொப்புளிக்கும்படி காரமான களிம்பு பூசுவதும் உண்டு. புண் ஆறும்வரை குதிரை ஓடாதிருந்தமையால் சில வேளைகளில் நொண்டலும் குறைந்தது. புகழ் இரும்புக்குச் சென்றது, ஓய்வுக்குச் செல்லவில்லை. ஆங்கில நாட்டில் ஜேம்ஸ் ரேணர் என்னும் மிருக வைத்தியர், காரணம் விளங்காத முன்கால் நொண்டல்களிற் பல, குளம்புக்குள் மறைந்திருக்கும் தோணி வடிவான சிறு என்பின் மூட்டு நோயால் வருவன என்று 1816ஆம் ஆண்டளவில், இறந்த குதிரைகளின் கால்களை அறுத்துப் பார்த்துக் கண்டறிந்தார். நோயின் இருப்பிடத்தை அறிய வேண்டுமானால் குதிரை இறக்க வேண்டியிருந்தது என்பதே அக்காலத்து நிலை. எக்ஸ் கதிர் வந்தபின் என்பைக் காண முடிந்தது. ஆனால் கசியிழையம் எக்ஸ் கதிருக்குப் புலப்படாதது.

பிறகு ஊசி வந்தது. 1948ஆம் ஆண்டில் மனிதரின் மூட்டுவாதத்துக்கு முதன்முறையாகக் கோட்டிசோன் என்னும் ஓமோன் கொடுக்கப்பட்டது. அதற்கு 1950ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசும் கிடைத்தது. 1955ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் வீற் என்னும் மிருக வைத்தியர், அவ்வகை மருந்தைக் குதிரைகளின் மூட்டுக்குள்ளேயே செலுத்தி அதன் பயனை எழுதினார். வீக்கம் வடிந்தது, நொண்டல் மறைந்தது, குதிரை சில நாட்களில் திடலுக்குத் திரும்பியது. உரிமையாளர்களுக்கு இது கிடைத்தற்கரிய வரமாகத் தோன்றியது. ஆயின், நோவு மறைந்ததேயன்றிச் சில்லு மறையவில்லை. உறுத்தலை உணராத குதிரை, உடைந்த மூட்டின்மீது முன்னிலும் வேகமாக ஓடியது. ஊசியால் மூட்டே அழிகிறது என்று சிலரும், ஊசியின்றித் தொழிலே இல்லை என்று சிலரும் வாதாடினர். இரு திறத்தாரிடமும் சான்று குறைவாகவே இருந்தது.

இந்நிலையிலேதான் மக்கில்ரெய்த் இத்துறைக்குள் வந்தார். அவர் நியூசிலாந்து நாட்டவர். அங்குள்ள மாசி சர்வகலாசாலையில் 1971ஆம் ஆண்டு மிருக வைத்தியப் பட்டம் பெற்றவர். பின்னர் கடல் கடந்து கனடாவின் குவெல்ஃப் நகரிலே பெரும் விலங்குகளின் சத்திரசிகிச்சையைப் பயின்றார். அங்கிருந்து அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பேர்டியூ சர்வகலாசாலைக்குச் சென்று, குதிரை மூட்டழற்சி பற்றிய ஆராய்ச்சியிற் புகுந்தார்.

அவர் அங்கு எடுத்துக்கொண்ட வினா எளியது, விடைதான் அரியது. மூட்டு கெடுவது என்பு மோதுவதாலா, அல்லது மூட்டின் உட்சவ்வில் எழும் அழற்சியாலா? மோதலே மூல காரணம் என்பது பலருடைய கொள்கை. மக்கில்ரெய்த்தும் அவருடைய ஆசிரியர்களும் குதிரையின் மணிக்கட்டு மூட்டினுள் ஓர் இரசாயனப் பொருளைச் செலுத்தி, எவ்வித முறிவுமின்றி உட்சவ்வில் அழற்சியை உண்டாக்கினர். பின்னர் கசியிழையத்தை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்தனர். மோதல் எதுவும் இல்லாமலே, அழற்சியின் விளைவாகக் கசியிழையத்தின் சாரம் குறைந்திருந்தது. சவ்வில் எரியும் நெருப்பு என்பின் மேற்பரப்பையும் பொசுக்குகிறது என்பது இதனாற் புலனாயிற்று. 1979ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் இம்முடிவுகள் வெளியாயின. மூட்டு நோய்க்கு இரு வாயில்கள் உண்டு என்பதும், ஒன்றை மட்டும் அடைத்தாற் போதாது என்பதும் அவருடைய பிற்காலப் பணிகள் யாவற்றுக்கும் அடிப்படையாக நின்றன.

அதே பேர்டியூவிலே மற்றொரு கருவியும் அவர் கைக்கு வந்தது. அதன் கதை யப்பானிலே தொடங்குகிறது.

முதலாம் உலகப்போர் முடிவுற்ற 1918ஆம் ஆண்டிலே, தோக்கியோ நகரத்துப் பேராசிரியர் கென்ஜி தக்காகி என்பவர், சிறுநீர்ப்பையினுள்ளே நோக்குவதற்கான குழலை எடுத்து, இறந்த ஒருவரின் முழங்காலுக்குள் நுழைத்துப் பார்த்தார். கசநோயால் முழங்கால் இறுகிப்போவது அந்நாளில் யப்பானியருக்குப் பெருந்துன்பமாக இருந்தது. நிலத்தில் முழந்தாளிட்டு அமர்ந்து உண்பதும் பேசுவதும் வழிபடுவதும் வழக்கமாயுள்ள நாட்டில், மடங்காத முழங்கால் ஒருவனை வீட்டுக்குள்ளேயே அந்நியனாக்கிவிடும் அன்றோ? நோயைத் தொடக்கத்திலேயே காணவேண்டுமென்று தக்காகி விரும்பினார். 1931இல் மூட்டுக்கெனவே மெல்லிய குழலொன்றை அவர் ஆக்கினார். அவருடைய மாணவர் மசாக்கி வத்தனாபே அதனை மேன்மேலும் திருத்தி, இருபத்தோராம் இலக்க மாதிரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1962இல் அக்குழலின் துணையோடு மூட்டுக்குள் கிழிந்த சவ்வின் பகுதியை வெட்டியும் எடுத்தார். 1964ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தபோது அங்கு சென்ற கனடா நாட்டு வைத்தியர் றொபேட் ஜாக்சன், வத்தனாபேயிடம் இக்கலையைக் கற்று ரொறொன்ரோவுக்கு எடுத்துச் சென்றார். வட அமெரிக்காவில் அது பரவியது இவ்வாறே. ஆர்த்திரொஸ்கோப் என்று இன்று வைத்தியசாலைகளில் வழங்கும் கருவி இதுதான்.

குதிரையில் இக்குழலை நுழைத்துப் பார்த்த முதல்வர் மக்கில்ரெய்த் அல்லர். எழுபதுகளின் நடுவிலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓரிருவர் அதனை முயன்றிருந்தனர். ஆயினும் அது வேடிக்கை பார்க்கும் சாளரமாகவே இருந்தது. 1978ஆம் ஆண்டில் மக்கில்ரெய்த்தும் அவருடைய ஆசிரியர் ஃபெஸ்லரும், குதிரையின் மூட்டு நோயை அறிவதற்கு இக்குழல் எவ்வாறு பயன்படுமென்பதை முறையாக எழுதி வெளியிட்டனர். அடுத்த ஆண்டு, 1979இல், றொக்கி மலையடிவாரத்திலுள்ள கொலராடோ மாநிலச் சர்வகலாசாலையில் அவர் ஆசிரியப் பதவி ஏற்றார். சாளரத்தை வாயிலாக்கியது அங்கே நடந்த பணி.

அதுவரை சில்லை எடுப்பதானால் மூட்டை அகலமாக வெட்டித் திறக்க வேண்டும். திறந்த மூட்டிற் கிருமி புகும் அச்சம் ஒருபுறம். ஆறிய பின்னும் தடித்த வடு இறுகி மூட்டின் வளைவைக் குறைப்பது மறுபுறம். வெட்டிய இடத்தில் தெரிவதும் ஒரு மூலையே. புதிய முறையிலோ, மயங்கிக் கிடக்கும் குதிரையின் மூட்டுக்குள் நீரேற்றி அதனை விரியச் செய்வர். பின்னர் தோலில் ஒரு சென்ரிமீற்றரளவு துளையிட்டு, பென்சிலினும் மெல்லிய குழலை நுழைப்பர். குழலின் வழியே ஒளி உள்ளே செல்லும். உருவம் வெளியே வரும். மற்றொரு துளை வழியாகக் குறடு நுழையும். இரண்டும் உள்ளே ஒரு முக்கோணத்தின் முனையிற் சந்திக்க வேண்டும். கண் ஒரு திசையிலும் கை வேறொரு திசையிலும் இயங்கும் இவ்வேலை, கண்ணாடியைப் பார்த்து எழுதிப் பழகுவது போன்றது. பழகாதவன் கையில் அக்குறடே கசியிழையத்தைக் கீறிவிடும். இதனை அஞ்சியே, இறந்த குதிரைகளின் கால்களிற் பல மணி நேரம் பயின்ற பின்னரே உயிருள்ள குதிரையைத் தொடவேண்டுமென்பதை அவர் வற்புறுத்தி வந்தார்.

உள்ளே நோக்கியபோது வைத்தியர்களுக்குக் கிடைத்த முதற் பாடம் மகிழ்ச்சி தருவதன்று. எக்ஸ் கதிர்ப் படத்திற் சிறு சில்லு மட்டுமே தெரிந்த மூட்டுகள் பலவற்றிலே, கசியிழையம் பரந்த அளவில் உரிந்து கிடந்தது. அத்தனை காலமும் படத்தை நம்பி "சிறு காயம்" என்று சொல்லப்பட்டவை பல, சிறு காயமல்ல என்பது இப்போது கண்கூடாயிற்று.

1984ஆம் ஆண்டில் அவர் குதிரைகளுக்கான இச்சத்திரசிகிச்சை பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டு, பல நாடுகளின் மிருக வைத்தியர் மேசைகளில் இடம்பெற்றது. அதனினும் முக்கியமானதாகக் கொள்ளத்தக்கது 1987இல் வெளிவந்த கணக்கு. மணிக்கட்டுச் சில்லுகள் எடுக்கப்பட்ட பந்தயக் குதிரைகளில், பின்னர் நிகழ்ந்ததை அறிய முடிந்தவை 445. அவற்றுள் 303 குதிரைகள் முன்பு ஓடிய தரத்திலோ அதனினும் மேலான தரத்திலோ மீண்டும் ஓடின. ஏறத்தாழ நூற்றுக்கு 68 வீதம். அதோடு அவர் நிற்கவில்லை. மூட்டின் சேதத்தை நான்கு படிகளாகப் பிரித்தார். சேதம் சிறிதாயிருந்த குதிரைகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவை மீண்டன. கசியிழையமும் அடியென்பும் பெரிதும் அழிந்தவற்றிலோ பாதிக்குச் சற்று மேற்பட்டவையே மீண்டன. சத்திரசிகிச்சை செய்பவர் தம் வெற்றிகளை மட்டும் எண்ணிச் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். எத்தகைய மூட்டில் வெற்றி குறையும் என்பதையும் எண்ணிச் சொல்வது அவ்வளவு பழக்கமானதன்று. இன்று ஓர் உரிமையாளர், "இக்குதிரை மீண்டும் ஓடுமா?" என்று வினவும்போது வைத்தியர் ஊகத்தாற் சொல்லாமல் எண்ணாற் சொல்ல முடிவது இத்தகைய கணக்குகளால்தான்.

பின்காலின் மேல் மூட்டிலே, குட்டிப் பருவத்திலேயே கசியிழையம் என்பிலிருந்து மடல் போலக் கழன்றுவிடும் ஒரு நோய் உண்டு. அதற்கும் இதே முறையிற் சிகிச்சை செய்யலாமென்பதை 1985இல் அவரும் அவரோடு பணிபுரிந்தவரும் காட்டினர். பிற மூட்டுகளும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன.

இனி, தீராதிருந்த ஊசி வழக்குக்கு வருவோம். கொலராடோவில் அவரும் அவருடைய மாணவர்களும் அமைத்த பரிசோதனை முறை வருமாறு: ஆரோக்கியமான குதிரையின் ஒரு முன்காலில், நோக்குகுழலின் உதவியோடு வேண்டுமென்றே ஒரு சிறு சில்லை உண்டாக்குவர். மற்றைய காலை ஒப்பிடுவதற்காக விட்டுவிடுவர். பின்னர் இயந்திர ஓடுதளத்தில் பல வாரம் அதனை ஓடச்செய்வர். சில குதிரைகளின் மூட்டுக்கு மருந்தும் சிலவற்றுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தப்படும். இறுதியில் மூட்டு முழுவதும் ஆராயப்படும். தொண்ணூறுகளில் மூன்று மருந்துகள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. அவை மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஓமோன் மருந்துகள். பந்தயத் திடல்களில் வேறுபாடின்றி வழங்கியவை. பேற்றாமெதசோன் கசியிழையத்துக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு செய்யவில்லை. மெதில்பிரெட்னிசொலோன் அதனைத் தெளிவாகக் கெடுத்தது. திரையம்சினொலோனோ கெடுக்காததோடு அதனை ஓரளவு காக்கவுஞ் செய்தது. "ஊசி நன்றா, தீதா?" என்று நாற்பது ஆண்டு நடந்த வாதம், கேட்ட கேள்வியே பிழையானதால் முடிவுறாதிருந்தது. எந்த மருந்து, எந்த மூட்டில் என்றே கேட்டிருக்க வேண்டும்.

இப்பரிசோதனைகளின் முடிவில் அக்குதிரைகள் கொல்லப்பட்டன என்பதையும் இங்கே மறைத்தலாகாது. மூட்டின் இழையத்தை முழுமையாக ஆராய்வதற்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆயிரமாயிரம் குதிரைகளுக்குத் தீங்கான மருந்து நாள்தோறும் செலுத்தப்பட்டு வந்த நிலையில், சில குதிரைகளை இழந்து அத்தீங்கை அறிந்தது தகுமென்றே பெரும்பாலானோர் கொள்வர். அவ்வாறு கொள்பவர்களும், ஓடுதளத்தில் ஓடிய அந்தப் பெயரற்ற குதிரைகளைக் கணக்கில் எழுதியாக வேண்டும்.

குதிரையில் அறிந்தது மனிதனுக்குச் சென்ற வரலாறும் உண்டு. மூட்டுநீருக்கு வழுவழுப்பைக் கொடுக்கும் ஹையலுரோனிக் அமிலத்தை ஊசியாகச் செலுத்தலாமென்பதை என்றே பலாசு என்னும் அறிஞரும் பிறரும் பந்தயக் குதிரைகளிற் கண்டு 1970இல் எழுதினர். முதியோரின் முழங்கால்களுக்கு அது பின்னரே பரவியது. மக்கில்ரெய்த்தின் கூடத்திலும் இத்தகைய தொடர்பு வளர்ந்தது. கொலராடோவின் வெயில் நகரிலே பனிச்சறுக்கு வீரர்களின் முழங்கால்களைச் சீர்செய்து புகழ்பெற்ற றிச்சட் ஸ்ரெட்மன் என்னும் வைத்தியர், கசியிழையம் உரிந்த இடத்து என்பிலே கூரிய ஊசியாற் சிறு துளைகள் இடும் முறையைக் கையாண்டு வந்தார். துளை வழியே கசியும் குருதியோடு வரும் கலங்கள் அவ்விடத்தில் புதிய இழையத்தை வளர்க்கும் என்பது கருத்து. மனித முழங்காலை மீண்டும் மீண்டும் அறுத்து அது உண்மையா என்று பார்த்தல் இயலாது. குதிரையில் அதனைச் சோதித்தபோது, துளையிட்ட இடங்களிற் கூடுதலான இழையம் வளர்ந்திருந்தது. 1999இல் அம்முடிவு வெளியாயிற்று. வளர்ந்த இழையம் பழைய கசியிழையத்துக்கு நிகரானதன்று என்பதும் அதே ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று.

2002ஆம் ஆண்டில் மேலும் ஒரு படி நடந்தது. அழற்சியைத் தூண்டும் பொருளொன்றைத் தடுக்கும் புரதத்துக்கான பரம்பரையலகை, தீங்கற்றதாக்கப்பட்ட வைரசு ஒன்றில் ஏற்றிக் குதிரையின் மூட்டுக்குட் செலுத்தினர். மூட்டின் சவ்வே மருந்தை ஆக்கத் தொடங்கியது, நொண்டல் குறைந்தது, கசியிழையம் காக்கப்பட்டது. டேவிட் ஃபிறிஸ்பி என்னும் அவருடைய மாணவரே இவ்வாராய்ச்சியில் முன்னின்றார். அதில் உடனுழைத்த கிறிஸ்ரோபர் எவன்ஸ் என்பவரின் தலைமையிலே, அதே தடுப்புப் புரதத்தின் பரம்பரையலகு பிற்காலத்தில் மனித முழங்கால்களிலும் சோதிக்கப்பட்டது.

கொலராடோவில் நாற்பது ஆண்டளவு பணியாற்றியபின் அவர் ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலகினார். 1996இல் றொற்றருடன் சேர்ந்து அவர் தொகுத்த குதிரை மூட்டு நோய் பற்றிய பெருநூல், 2016இல் மறுபதிப்புப் பெற்றது. செல்வர் இருவர் 2014ஆம் ஆண்டில் அளித்த நாலு கோடியே இருபத்தைந்து இலட்சம் டொலரும், ஹவாய் அரச மரபைச் சேர்ந்த அபிகேல் கவானனக்கோவா என்னும் குதிரைப் பிரியை அளித்த இரண்டு கோடி டொலரும் கொண்டு, விலங்குக்கும் மனிதனுக்கும் பொதுவான வைத்திய ஆராய்ச்சி நிலையமொன்று அங்கு எழுந்தது. அதற்கு மக்கில்ரெய்த்தின் பெயரே இடப்பட்டது.

இவ்வளவும் கூறியபின் ஓர் ஐயம் எஞ்சுகிறது. இக்கலையின் பயனை முதலில் அடைந்தவர் யார்? நொண்டிய குதிரை கொல்லப்படாமல் மீண்டது உண்மை. அவ்வாறு மீண்டது புல்வெளிக்கன்று, அதே திடலுக்கு. இரண்டு வயதுக் குட்டிகளைப் பந்தயத்தில் ஓட்டும் வழக்கமும், களைத்த காலைச் சவுக்கால் முடுக்கும் வழக்கமும் நோக்குகுழலால் மாறிவிடவில்லை. சில்லை எடுப்பது எளிதான பின், சில்லு உடையாமற் பார்ப்பதில் அக்கறை குறைந்துவிடவும் கூடும். ஊசியின் தகுதியறிந்து மருந்தைத் தேர்ந்துகொண்டவர்களும் பந்தயத்துக்கு முதல்நாள் அதனைச் செலுத்தினால், குதிரை தன் நோவை அறியாமலே ஓடும். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான பந்தயப் பாதுகாப்பு ஆணையம் 2022இற் பணி தொடங்கியது. மூட்டுக்குள் ஊசி ஏற்றினால் பதினான்கு நாள் கழியுமுன் பந்தயத்தில் ஓடலாகாதென்று விதி வந்தது 2023இல். கருவியும் அறிவும் முன்னே சென்று, விதி பல ஆண்டு பின்தங்கி வந்தது.

மக்கில்ரெய்த்தின் கூடமே இந்த ஐயத்தை உணர்ந்தது போலும். அவருடைய பிற்கால ஆராய்ச்சிகளில் ஒன்று சிகிச்சை பற்றியதன்று. இருநூறுக்கு மேற்பட்ட இளம் பந்தயக் குதிரைகளின் குருதியை மாதந்தோறும் எடுத்து, மூட்டும் என்பும் தேயும்போது அதிற் கலக்கும் பொருள்களை அளந்து, எக்குதிரை காயமுறப் போகிறது என்பதை நொண்டுவதற்கு முன்னரே அறிய முடியுமா என்று அவர்கள் பார்த்தனர். காயமுற்ற பல குதிரைகளின் குருதி, காயத்துக்குச் சில மாதங்கள் முன்னரே மாறத் தொடங்கியிருந்தது.

கலிபோர்னியாவில் 1990ஆம் ஆண்டு முதல், திடலில் இறக்கும் ஒவ்வொரு குதிரையும் அறுத்து ஆராயப்பட்டு வருகிறது. ஒரே கணத்தில் நேர்ந்த விபத்தென்று கருதப்பட்ட முறிவுகள் பலவற்றிலே, முறிந்த இடத்தில் அதற்கு வெகுநாள் முந்திய பழைய நோயின் தடம் காணப்பட்டது. ரஃபியனின் காலை அவ்வாறு நோக்குவதற்கு 1975இல் எவரிடமும் விளக்கு இருக்கவில்லை. அக்குதிரை பெல்மொண்ட் திடலின் நடுவே, கொடிக்கம்பத்தின் அருகிற் புதைக்கப்பட்டது.